ஆவாரங் கஷாயத்தில் நான் கலந்தது

மேற்குத் தாம்பரம்,
14.7.94, வியாழக்கிழமை.

என் அன்பு மகள் எப்சிபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அவ்வளவு தூரத்தில் உன்னைக் காக்கிறவர் உன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் சேர்த்தே காக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம். இந்தச் சுகம் என்ற வார்த்தையை நீ ஜப்பான் போனதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் யோசிக்காமல் எழுதிவந்தேன், இன்றைக்கு எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன். உன் அப்பா சுகம்தான், நானும் சுகம்தான், ஆனால் எதிர்வீட்டு சவுரிமுத்து அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவர் அங்கே கிடப்பதற்கு நான்தான் காரணம். உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எப்போதும் நான் எழுதி முடித்துக் கடைசிப் பக்கத்தில் பாதியை அவருக்கு விடுவேன், அவர் நாலு வரி எழுதி, இங்கிலீஷில் விலாசம் எழுதி, ஒட்டி, தபாலாபீசில் போட்டுவிட்டு வருவார், இதுதானே நம் வீட்டு முறை. இந்தத் தடவை கவரையும் தபால் தலையையும் நானே வாங்கி வந்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். உன் விலாசத்தைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு தரம் எழுதிப் பழகினேன், எட்டாம் வகுப்பு இங்கிலீஷ், பார்த்துச் சிரிக்காதே. போனில் சொல்லலாமே என்பாய். பூத்துக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், உன் ஹாஸ்டலில் எடுக்கிற பெண் அவள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இது போனில் சொல்கிற சமாச்சாரமும் இல்லை.

போன ஜனவரியில் நீ எழுதிய கடிதத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். உன்மேல் குற்றம் சொல்வதாக நினைக்காதே. ஆவாரம் பூவைப் பிரித்துப் பிரித்து அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உன் வேலை என்று எழுதியிருந்தாய், ஃபிளேவனாய்டு என்றாய், டானின் என்றாய், இன்னும் என் நாக்கில் நிற்காத சில பெயர்கள். வெட்டி வைத்த கத்தரிக்காய் காற்றுப் பட்டுக் கறுத்துப் போகிறதே, அதுபோல ஒன்று நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது, அதைத் தடுக்கிற பொருளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர், ஆவாரம் பூவில் அது நிறைய இருக்கிறது என்று எனக்காகக் கத்தரிக்காயை வைத்து விளக்கியிருந்தாய். எனக்குப் புரிந்தது. உன் அப்பாவுக்குத்தான் கத்தரிக்காய் போதவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மின்ரயில் ஷெட்டில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர், அவருக்கு மனுஷ உடம்பும் இரும்புதான். "துருவைத்தான் சொல்றா உன் பொண்ணு, ஆவாரம்பூங்கிறது உள்ள அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட்" என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். ஆவாரம் பட்டையில் தோல் பதமாவதும் அந்த டானினால்தான் என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினார். சவுரிமுத்து அண்ணன் பம்மலில் தோல் கம்பெனியில் பட்டை ஊறின தொட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர் அல்லவா. "இன்னா லாசர் அண்ணா, அந்தத் தண்ணீல நின்னு நின்னு என் காலே பதமாயிகீது, அப்போ எனக்கு சுகரே வந்திருக்கக் கூடாதே" என்று சொல்லிச் சிரித்தாராம். அன்றைக்கு அவர் சிரிப்போடு விட்டுவிட்டார். அப்படியே விட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

அதே கடிதத்தின் கடைசியில் நீ எழுதியிருந்ததை உன் அப்பா யாருக்கும் படித்துக் காட்டவில்லை, எனக்கும் காட்டவில்லை. போன வாரம்தான் தேடி எடுத்துப் பார்த்தேன். இதெல்லாம் கண்ணாடிக் குழாயிலும் எலிகளிடமும் பார்த்ததுதான் அப்பா, மனிதருக்கு எவ்வளவு, எப்படி என்று இன்னும் தெரியாது, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். பூவைப் பற்றிய வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு இருக்கிறது, இந்த வரி இருக்கிற இடத்தில் தாளை மடித்து வைத்திருக்கிறார்.

உன் அப்பா பிப்ரவரி முதல் தேதியோடு சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். மாதாமாதம் ரயில்வே டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நின்று வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை, "வாங்கறது என் உரிமை, முழுங்கறது என் இஷ்டம்" என்று சொல்லி, கொண்டுவந்து பீரோவில் பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவார். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முடிச்சூர்ப் பக்கம் போவார், அங்கே வயலெல்லாம் பிளாட் கல் நட்டுச் சும்மா கிடக்கிறது, கல்லுக்குக் கல் ஆவாரஞ்செடிதான், ஒரு பை நிறையப் பறித்து வருவார். வந்ததும் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து, உனக்குத் தெரியாததா. அதை வெறுமனே எழுதி வைக்கிற ஆளா அவர். உன் பள்ளிக்கூடத்துக் கலர் பென்சில் பெட்டியைத் தேடி எடுத்து, நோட்டில் தேதிக்கு ஒரு கட்டம் போட்டு, குழாயில் வந்த நிறத்தையே தீட்டினார். ஷெட்டு நோட்டுமாதிரி இதற்கும் சட்டம் வைத்துக்கொண்டார். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாதாம், தாளைக் கிழிக்கக் கூடாதாம், மேலே ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டுமாம், அப்போதுதான் எது தப்பு, யார் திருத்தியது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியுமாம். இந்த நோட்டில் இதுவரை ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை என்று அவருக்கு ஒரே பெருமை.

முதல் மூன்று வாரக் கட்டங்களை நீ பார்த்திருக்க வேண்டும். பச்சை, மஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் செங்கல், செங்கல், செங்கல். பூ வேலை செய்ய நாளாகும் என்றார். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் இறங்கியது, ஒரு குடம் தண்ணீர் குடித்தாலும் தாகம் என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். "என் பொண்ணு விஞ்ஞானியா, நீ விஞ்ஞானியா" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார். ஒரு நாள் பை நிறையப் பூவோடு உள்ளே வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டேன், குனிந்து பார்த்துவிட்டு அவரே திகைத்துப்போனார். செருப்பு கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலால் ஜல்லிமேல் நடந்ததும் தெரியவில்லை. அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. மறுநாள் பிப்ரவரி இருபத்துநாலு, டின்னைத் திறந்தேன். ஒரு மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, கஷாயத்தில் போட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அதே ஒன்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாத்திரையில் ஒரு கை, கடவுளிடம் ஒரு கை என்று நின்றேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டு, இன்றைக்குத் துவர்ப்புச் சரியாக இருக்கிறது என்றார். ஒரு நாள் தம்ளர் அடியில் வெள்ளையாக என்னமோ நிற்கிறதே என்று கேட்டார், நம் போர் தண்ணீர் உப்புதான், கெட்டிலைப் பாருங்கள் என்று காட்டினேன், நம்பிவிட்டார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. இரண்டாவதிலிருந்து எண்ணவில்லை.

பத்து நாளில் செங்கல் போய் மஞ்சள் வந்தது, பிறகு பச்சை, மார்ச் கடைசியில் நீலம். நீலம் வந்த அன்று இந்த மனுஷர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார், தெருவே பார்க்கட்டும் என்று. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன். உயிர் பிழைத்தால் போதும், பெயரைப் பூ வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அவர் அன்றைக்குச் சாயங்காலம்வரை ஒன்றும் சாப்பிட மாட்டார், ஆனால் கஷாயம் மருந்து, அது உபவாசத்தில் சேராது என்று சொல்லிக் காலையில் கேட்டார். பழக்கத்தில் கை தானாக மாத்திரையை நசுக்கிப் போட்டுவிட்டது. வயிற்றில் சோறு இல்லாமல் மாத்திரை போனால் என்னவாகும் என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், எனக்கு ஞாபகமே வரவில்லை. மத்தியானம் கோயிலில் மும்மணி ஆராதனை, சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நாலாவதுக்குப் பாட்டு எழுந்தபோது இவர் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் சலசலப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்து, கை உதறி, என்னைப் பார்த்து யார் நீங்கள் என்று கேட்டார். அந்த இரண்டு வார்த்தையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மணியடிக்கிற கோயில் பிள்ளை வீட்டிலிருந்து சர்க்கரையை வாங்கிக் கரைத்துப் புகட்டினேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்து அவர் சொன்னது என்ன தெரியுமா. பார்த்தாயா தபீதா, சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டது பூ, இவ்வளவு வேகம் எந்த மாத்திரைக்கு உண்டு என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதற்குப் பதிலாக இனி சோறு சாப்பிட்ட பிறகுதான் கஷாயம் என்று மட்டும் சட்டம் போட்டேன். அடுத்த வாரம் சாட்சிக் கூட்டத்தில் இவர் நோட்டோடு எழுந்து நின்று, செங்கல் கட்டத்தையும் நீலக் கட்டத்தையும் விரித்துக் காட்டி, என் மகள் ஜப்பானில் கண்டுபிடித்தாள், தேவன் வழியோரச் செடியில் வைத்திருந்தார் என்று சாட்சி சொன்னார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

சவுரிமுத்து அண்ணன் மாதா கோயில்காரர், நம் சாட்சிக் கூட்டத்துக்கு வந்தவர் இல்லை. ஆனால் அவருக்குத் தனியாகவே ஒரு கூட்டம் நடந்தது, தினமும் காலையில் இவர் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுவார். மே மாதம் அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். கேட்டதும் அவர் மனைவி செல்வமேரியிடம் போய், அதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஜூன் கடைசியில் அவர் கால் விரலில் ஒரு கொப்புளம், செருப்புக் கடித்தது என்றார்கள். ஒரு வாரத்தில் அது கறுத்து நாற்றம் எடுத்தது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வமேரி போட்ட சத்தத்தில் ஓடினோம், கட்டிலில் கிடந்தார், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மூச்சில் அழுகின பழ வாசனை அடித்தது. டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்சுலின் ஊசி போட்டுப் போட்டு இரண்டாம் நாள் நினைவு வந்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுப்பதா வேண்டாமா என்பதைத் திங்கட்கிழமை சொல்வார்களாம், வேளை தவறாமல் ஊசி போட்டுச் சர்க்கரை இறங்கினால்தான் காலுக்கும் உயிருக்கும் நம்பிக்கை என்று சொல்லியிருக்கிறார்கள்.

முந்தாநாள் செல்வமேரி பிளாஸ்கோடு வந்தாள். வந்து நம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, லாசர் அண்ணனுக்கு மட்டும் நீலமா வந்துகினு கீது, எங்களுக்கு இன்னா கொறை வெச்சோம் சொல்லு. நீ எப்டி காச்சறியோ அதே மாதிரி எனக்குக் காட்டிக் குடு. உன் கைல கேக்குது, என் கைல கேக்கல" என்றாள். எப்சி, நான் காட்டிக் கொடுத்தேன். ஒரு கைப்பிடிப் பூவைப் போட்டு, இரண்டு தம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டிக் காட்டினேன், அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அத்தனை நேரமும் அன்றைக்கு உன் அப்பாவுக்கு நசுக்கின மாத்திரைத் தூள் என் முந்தானை முடிச்சில் இருந்தது. அதில் ஒரு சிட்டிகை அந்தப் பிளாஸ்கில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், அங்கே ஊசியும் போடுகிறார்களே, பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி ஆகிவிட்டால் என்று கை வரவில்லை. வெறுங்கஷாயத்தை ஊற்றி மூடிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், கடிதத்தை அவசரமாக எழுதுவது இதற்காகத்தான். அப்பா அனுப்பிய நாலு பக்கத்து நகலை உன் புரொபசர் பார்த்து ஆச்சரியப்பட்டார், முழு நோட்டும் வேண்டும், செப்டம்பரில் நீ மேடையில் பேசும்போது ஒரு மனிதரின் பதிவு என்று காட்டலாம் என்கிறார் என்று ஜூனில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை உன் அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். தாம்பரம் லாசரஸ் பெயர் ஜப்பான் புத்தகத்தில் வரப்போகிறது என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். நோட்டுக்குத் துணிப்பை தைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்திருக்கிறார், சனிக்கிழமை ரிஜிஸ்டர் பார்சல். நான் ஊசியில் நூல் கோத்துக் கோத்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சொல்வதைக் கேள். அந்த நீலமெல்லாம் பூவின் நீலம் இல்லை, மாத்திரையின் நீலம். அதை மேடையில் காட்டாதே, கட்டுரையில் சேர்க்காதே. உன் ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை, உன் குழாயில் வந்தது வந்ததுதான், உன் எலிகள் யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றியது நான். ஆனால் அங்கே நாலு பேர் இதை நம்பி, நாலு ஊருக்குப் போய், இன்னும் எத்தனை சவுரிமுத்து மாத்திரையை நிறுத்துவார்கள் என்று நினைத்துப் பார். பின்னால் உண்மை தெரிந்து உன்னைப் பொய்க்காரி என்று அனுப்பிவிட்டால் என்ன செய்வாய் என்றும் பயமாக இருக்கிறது. நீ உன் புரொபசரிடம் என்ன காரணமாவது சொல்லிக்கொள், அப்பா மனம் மாறிவிட்டார், நோட்டு தொலைந்துவிட்டது, எதையாவது. உன் அப்பாவுக்கு மட்டும் எழுதிவிடாதே. அவருக்குத் தெரிந்தால் என்னிடம் பேச மாட்டார் என்பதுகூட இல்லை, கோபத்தில் மாத்திரை, கஷாயம் இரண்டையும் தூக்கி எறிந்துவிடுவார், மறுபடியும் செங்கல் வரும், அந்தக் கால் மறுபடியும் குளிரும். எதிர்வீட்டில் நடந்தது நம் வீட்டில் நடக்கும். அதைத்தான் பயப்படுகிறேன். கேட் சத்தம் கேட்கிறது, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், அப்புறம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை. நேற்று இந்தத் தாள்களை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன், இன்றைக்கு எடுத்து மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன், நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லச் சொல்லி உனக்கும் பொய் கற்றுக்கொடுத்திருக்கிறேன், அந்த வரியை மட்டும் மறந்துவிடு. நேற்று அவர் உள்ளே வந்த முகம் நன்றாக இல்லை, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார், சவுரிமுத்து ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். யார் அப்படிச் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவனுக்குத் தைரியம் சொல்ல இவர்தான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாராம், அவன் நீலக் கட்டத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தானாம், பார்த்துவிட்டு நர்சிடம், "ஊசியும் வாணாம் ஒண்ணும் வாணாம், அண்ணனுக்குக் கேட்ட பூ எனக்கும் கேக்கும், காலைத் தொடாதீங்க" என்றானாம். நர்ஸ் சத்தம் போட்டும் கையை நீட்ட மாட்டேன் என்றானாம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். உன் அப்பா நோட்டைப் பிரித்து அந்தக் கட்டங்களையே பார்த்தார். பிறகு, "எனக்கே ஒண்ணும் புரியல தபீதா, அதே பூ, அதே செடி, நானே பறிச்சுக் குடுத்தது, அவனுக்கு ஏன் கேக்கல" என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றினேன்.

ராத்திரி முழுக்க ஒரே யோசனை. உனக்கு எழுதினால் ஜப்பானில் உள்ளவர்கள் தப்பிப்பார்கள், உனக்கு இது வந்து சேரப் பத்து நாள் ஆகும், சவுரிமுத்து அண்ணனுக்குப் பத்து நாள் இல்லை, திங்கட்கிழமைவரைகூட இல்லை. அவர் டாக்டரை நம்பவில்லை, நர்சை நம்பவில்லை, நான் போய்ச் சொன்னாலும் பயத்தில் உளறுகிறாள் என்பார். அவர் நம்புவது ஒரே ஒரு ஆளை, அந்த ஆளின் நோட்டை. அந்த ஆள் வாயால் சொன்னால்தான் கையை நீட்டுவார். விடிந்ததும் உன் அப்பா வழக்கம்போல முடிச்சூர் கிளம்பினார், சைக்கிள் மணி தெரு முனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். இப்போது மணி ஏழு. எட்டு மணிக்கு வருவார், குழாயைக் காட்டுவார், நோட்டைத் திறப்பார். இந்தக் கடிதத்தை இன்றைய தேதிக் கட்டம் இருக்கிற பக்கத்தில் வைக்கப் போகிறேன். அருகில் தம்ளரில் கஷாயம் இருக்கும், வெறும் பூக் கஷாயம், அதில் ஒன்றும் கலக்கவில்லை. மாத்திரையைச் சாசரில் தனியாக வைத்திருக்கிறேன், முழு மாத்திரை, வெள்ளையாக, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இட்லியும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ள வேண்டும் என்று இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் இதைப் படிக்கிறபோது நான் எதிரே இருக்க மாட்டேன், பின்கட்டில் துணி துவைக்கிற கல்லருகே இருப்பேன், அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. என்னங்க, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைமேல் வைக்காதீர்கள்.

எப்சி கண்ணு, குளிர் வருவதற்கு முன்னால் கம்பளிச் சட்டை ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள். நீ பிரித்தெடுக்கிற சாற்றை ருசி பார்க்கிறேன் என்று ஒரு தடவை எழுதினாயே, அந்த வேலை வேண்டாம். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறாயா, எந்தப் பாஷையாக இருந்தாலும் போய் உட்கார்ந்துவிட்டு வா. உன்னைப் பெற்று வளர்த்தபோது பொய் சொல்லாதே என்று எத்தனை அடி அடித்திருக்கிறேன், அதெல்லாம் இப்போது என் முதுகில் விழுகிறமாதிரி இருக்கிறது. உன் கையின் வேலையைத் தேவன் ஆசீர்வதிக்கட்டும், உன் குழாயில் எது வருகிறதோ அதையே எழுத உனக்குத் தைரியம் கொடுக்கட்டும், அந்தத் தைரியம் உன் அம்மாவிடமிருந்து வந்திருக்காது, அவரிடம் கேள். சவுரிமுத்து அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபி, மறந்துவிடாதே. கடைசிப் பக்கத்தில் பாதியை வழக்கம்போல உன் அப்பாவுக்கு விட்டிருக்கிறேன்.

பயத்தோடும் முத்தங்களோடும்,
உன் அம்மா,
லா. தபீதாள்.

15.7.94, காலை 9.40.

அன்பு மகளுக்கு அப்பா. அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். உன் ஜனவரிக் கடிதத்தின் மடிப்பையும் பிரித்துப் படித்தேன். இட்லி சாப்பிட்டு, மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டேன். பிப்ரவரி 24 முதல் நேற்றுவரை நூற்று நாற்பத்தோரு கட்டங்கள், எல்லாவற்றின்மேலும் சிவப்புக் கோடு போட்டு, மாத்திரையோடு என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். நோட்டு உனக்கு வராது. அதை எடுத்துக்கொண்டு இப்போது சவுரிமுத்துவிடம் போகிறேன், உன் அம்மாவும் வருகிறாள், அவளோடு நான் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை, பஸ்ஸில் பேசிக்கொள்கிறோம். அவன் ஊசிக்குக் கையை நீட்டும்வரை அங்கேதான் இருப்போம். உன் புரொபசரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, தப்பு என் பெயரில் இருக்கட்டும். விலாசம் நான் எழுதவில்லை. காலண்டர் தாளைப் பார்த்தேன், உன் அம்மா தப்பில்லாமல்தான் எழுதியிருக்கிறாள், அவளையே எழுதச் சொல்லிவிட்டேன்.

இன்றைய நிறம் பச்சை. மாத்திரையோடு.

அ. லாசரஸ்